காணாமல் போன நைட்டி: ‘மிஸ்டர் விச்சர்’ பார்த்தவங்க வாங்க (ஸ்பாய்லர் உண்டு)

கடைசிபெஞ்ச் | வெள்ளி இரவு 10.42

முதல்லயே சொல்லிடறேன், கொலை பண்ணினது யாருங்கறதை இந்த இழையில மறைக்கப் போறதில்லை. சம்பவம் நடந்து 160 வருஷத்துக்கு மேல ஆகுது. இதுக்கு அப்புறமும் ‘ஸ்பாய்லர் சொல்லிட்டீங்களே’ன்னு யாரும் சண்டைக்கு வரக்கூடாது.

நாடகம் ‘தி சஸ்பிஷன்ஸ் ஆஃப் மிஸ்டர் விச்சர்’. 2011-ல பிரிட்டன் ஐடிவி-ல வந்தது. துப்பறியும் இன்ஸ்பெக்டர் ஜாக் விச்சரா பேடி கன்சிடைன், வீட்டு எஜமானர் சாமுவேல் கென்டா பீட்டர் கபால்டி. கேட் சம்மர்ஸ்கேல் 2008-ல எழுதின ஆய்வு நூல்தான் மூலம். கேஸ் நிஜம், ஆளுங்களும் நிஜம்.

பார்க்காதவங்களுக்காகச் சுருக்கமா. 1860 ஜூன் 29 ராத்திரி. இங்கிலாந்துல வில்ட்ஷயரும் சாமர்செட்டும் சேர்ற எல்லையில ஒரு கிராமம், பேரே ‘ரோடு’. அங்க ரோடு ஹில் ஹவுஸ்னு ஒரு பெரிய வீடு. சாமுவேல் கென்ட், தொழிற்சாலைகளைச் சோதனை போடற அரசாங்க அதிகாரி. மூத்த தாரம் இறந்ததும், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க வந்த டீச்சரம்மாவையே ரெண்டாந்தாரமாக் கட்டிக்கிட்டவர். மூத்தவளுக்கு மிஞ்சின பிள்ளைகள் நாலு, இளையவளுக்கு மூணு, அவ மறுபடி நிறைமாசம். வேலைக்காரங்களோட சேர்த்து அன்னைக்கு அந்த வீட்ல படுத்தவங்க 12 பேர். விடிஞ்சா 11 பேர். இளையவளோட மூணு வயசுப் பையனைத் தொட்டில்ல காணோம். தோட்டத்துப் பக்கம் வேலைக்காரங்க கக்கூஸ் குழியில, கழுத்து அறுபட்டுக் கிடந்தான். பையன் பேரு சாவில். இங்கிலீஷ்ல அது சாதாரணப் பேருதான். தமிழ்ல எழுதும்போது எனக்கு ஒவ்வொரு தடவையும் கை நின்னு போகுது.

கதவெல்லாம் ராத்திரி தாழ் போட்டது. ஹால் ஜன்னல் மட்டும் கொஞ்சம் தூக்கியிருந்தது. உள்ளூர் போலீஸ் ரெண்டு வாரம் தடவிட்டு ஒண்ணும் பிடிபடாம, லண்டன்ல இருந்து விச்சர் வர்றார். ஸ்காட்லாந்து யார்டுல 1842-ல துப்பறியும் பிரிவு ஆரம்பிச்சப்ப மொத்தமே எட்டுப் பேர், அதுல இவரும் ஒருத்தர். வந்த ஒரு வாரத்துக்குள்ள மூத்தாள் பொண்ணு கான்ஸ்டன்ஸ், 16 வயசு, அவளைக் கைது பண்றார். கையில இருந்த ஆதாரம் என்ன? ஒரு நைட்டி குறையுதுங்கறதுதான். ஜூலை 27 விசாரணையில 200 பவுண்டு ஜாமீன்ல அவளை விட்டுட்டாங்க. பத்திரிகை எல்லாம் விச்சரைக் கிழிச்சுத் தொங்கவிட்டுது. 1864-ல உடம்பு சரியில்லைன்னு வேலையை விட்டார். 1865 ஏப்ரல்ல அந்தப் பொண்ணே லண்டன் பௌ ஸ்ட்ரீட் கோர்ட்ல வந்து நின்னு ‘நான்தான் கொன்னேன்’ன்னா.

துப்பறியறவன் சரியாக் கண்டுபிடிச்சும் தோத்துப் போன கதை இது. வழக்கமா இந்த மாதிரி நாடகத்துல கடைசி அஞ்சு நிமிஷம் எல்லாரையும் ஹால்ல உட்கார வெச்சு ஹீரோ விளக்கம் கொடுப்பான், எல்லாரும் வாயைப் பொளப்பாங்க. இங்க விளக்கம் கொடுத்தவனுக்குத்தான் தண்டனை. விச்சர் தோட்டக்காரர் மகன். பெரிய வீட்டுப் பொண்ணோட துணியை எண்ணினதுதான் அந்த ஆளு பண்ணின குத்தம். நாடகம் இதைச் சரியாச் சொல்லிச்சுன்னு நான் நினைக்கறேன். நீங்க?

---

ராத்திரிப்பூனை | வெள்ளி இரவு 11.15

பாஸ், பாதியில தூங்கிட்டேன். கன்சிடைன் நல்ல நடிகர்தான், ஆனா ஆளு பேசவே மாட்டேங்கறார். தொப்பியைக் கையில வெச்சுக்கிட்டு சுவத்தையே பார்க்கறார். விக்டோரியா காலத்துக் கொலைன்னா ‘ரிப்பர் ஸ்ட்ரீட்’ பாருங்க. சேறு, புகை, அடிதடி, நிமிஷத்துக்கு ஒரு திருப்பம்.

---

கடைசிபெஞ்ச் | வெள்ளி இரவு 11.21

அதுவும் பார்த்தாச்சு பூனை. மேத்யூ மெக்ஃபேடியன் பண்ற எட்மண்ட் ரீட் நிஜத்துல ஒயிட்சாப்பல் ஸ்டேஷன்ல இருந்த இன்ஸ்பெக்டர்தான். ஆனா அவர் தலையில அஞ்சு சீசனுக்குக் கட்டின கேஸெல்லாம் கதை. அது மசாலா தோசை, இது கஞ்சி. உடம்பு சரியில்லாத அன்னைக்குக் கஞ்சியோட அருமை தெரியும்.

---

மாஜி ரைட்டர் | சனி காலை 6.05

நான் 28 வருடம் காவல் துறையில் இருந்தவன். அதில் பெரும்பகுதி ஸ்டேஷன் ரைட்டர். நாடகத்தை மகன் போட்டுக் காட்டினான். என் அபிப்பிராயம் உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம்.

விச்சர் கண்டுபிடித்தது சரி. கைது செய்தது தவறு. ‘இவள்தான்’ என்று மனசுக்குத் தெரிவது வேறு, கோர்ட்டில் நிற்கிற மாதிரி கேஸ் கட்டுவது வேறு. பொருள் எதுவும் கையில் இல்லை. நைட்டி கிடைக்கும் கிடைக்கும் என்று நம்பி முதலில் கைது, பிறகு தேடல். எதிர்த்தரப்பில் எட்லின் என்று ஒரு வக்கீல். பள்ளிக்கூடச் சிநேகிதிகளைக் கூட்டில் ஏற்றி, ‘சித்தி மேல் கோபம் என்று சொன்னாள்’ என்கிற அளவுக்குத்தான் விச்சரால் முடிந்தது. நான் ரைட்டராக இருந்திருந்தால் அந்த ரிமாண்ட் ரிப்போர்ட்டை எழுதும்போதே இன்ஸ்பெக்டரிடம், ‘ஐயா, இது நிக்காது’ என்று சொல்லியிருப்பேன்.

அந்த ஆளின் கஷ்டமும் எனக்குப் புரிகிறது. அவர் போய்ச் சேர்வதற்குள் இரண்டு வாரம் ஓடிவிட்டது. அதற்குள் ஊர் முழுக்க அந்த வீட்டுத் தோட்டத்தில் நடந்திருக்கும். இன்றைக்கு என்றால் முதல் அரை மணியில் கயிறு கட்டி, மகஜர் எழுதி, போட்டோ எடுத்து முடித்திருப்போம். 1860-இல் கைரேகை கிடையாது. அது நம் நாட்டில் வளர்ந்த வித்தை: கல்கத்தாவில் 1897-இல் கைரேகைப் பிரிவு ஆரம்பித்தார்கள், அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்கிற இரண்டு சப்-இன்ஸ்பெக்டர்கள் ரேகைகளை வகைப்படுத்தும் கணக்கைப் போட்டுக் கொடுத்தார்கள், மேலதிகாரி ஹென்றியின் பேர் அதற்கு ஒட்டிக்கொண்டது. ஸ்காட்லாந்து யார்டுக்கு அது போய்ச் சேர்ந்தது 1901-இல். ஒரு கறை மனுஷ ரத்தமா ஆட்டு ரத்தமா என்று சொல்லும் சோதனையும் அதே 1901-இல்தான் ஜெர்மனியில் வந்தது. விச்சரிடம் இருந்தது கண்ணும் காதும் மட்டும்.

---

வெள்ளாவி | சனி காலை 9.30

எங்கப்பா லாண்டரிக் கடைக்காரர். கல்யாணம் ஆகற வரைக்கும் கடை நோட்டு எழுதினது நான்தான். அதனால இந்த விஷயத்துல என் வாய் சும்மா இருக்காது.

கடைசிபெஞ்ச் அண்ணா ‘ஒரு நைட்டி குறையுது’ன்னு ஒரே வரியில முடிச்சுட்டீங்க. அது எப்படிக் குறைஞ்சதுங்கறதுதான் கேஸே. எனக்கும் முதல் தடவை பார்க்கும்போது பிடிபடலை. ரெண்டாவது தடவை பேப்பர் பேனா எடுத்துக்கிட்டு உட்கார்ந்தேன்.

கான்ஸ்டன்ஸுக்கு மொத்தம் மூணு நைட்டி. போர்டிங் ஸ்கூல்ல இருந்து வரும்போது துணி லிஸ்ட் ஒண்ணு கூட வரும்ல, அதுல மூணுன்னு இருக்கு. விச்சர் அதை வெச்சு எண்ணறார். இருக்கறது ரெண்டு. மூணாவது எங்கேன்னா, ‘சலவைக்குப் போட்டேன், வரலை’ங்கறா.

இப்ப ஜூலை 2, திங்கக்கிழமை. கொலை நடந்து ரெண்டு நாள். அழுக்குத்துணி எடுக்கற நாள். வேலைக்காரப் பொண்ணு சாரா காக்ஸ் எல்லார் துணியையும் அள்ளிக்கிட்டு வந்து கூடையில போடறா. பெரியக்கா மேரி ஆன் சலவை நோட்டுல ஏத்தறாங்க. கான்ஸ்டன்ஸ் நைட்டி ஒண்ணு கூடையிலயும் விழுந்தாச்சு, நோட்டுலயும் ஏறியாச்சு. அப்ப கான்ஸ்டன்ஸ் வாசப்படியில வந்து நின்னு, ‘என் பாவாடைப் பையில பர்ஸ் இருக்கா பாரு’ங்கறா. காக்ஸ் கிளறிப் பார்த்துட்டு இல்லைங்கறா. ‘சரி, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கொண்டா.’ காக்ஸ் கீழ போய்ட்டு வர ஒரு நிமிஷம் ஆகியிருக்கும்.

அந்த ஒரு நிமிஷம்தான். விச்சர் சொல்றது என்னன்னா, அவ கூடையில இருந்த தன்னோட நைட்டியைத் திருப்பி எடுத்துட்டா. யோசிச்சுப் பாருங்க. ரத்தம் பட்டது ஒண்ணு, அதை எப்படியோ ஒழிச்சாச்சு. மிச்சம் ரெண்டும் வீட்ல இருக்கு. ஆனா நோட்டுல ஒண்ணு சலவைக்குப் போயிருக்கு. ஆகமொத்தம் மூணு! குறையற ஒண்ணு வீட்டுக் கணக்குல இல்லை, சலவைக்காரி கணக்குல ஏறிடுச்சு.

எனக்குப் புல்லரிச்சது எங்க தெரியுமா? ஊரே ரத்தக்கறைத் துணியைத் தேடுது. அவ திருடினது ஒரு பொட்டுக் கறைகூட இல்லாத நைட்டியை.

16 வயசுல இந்தக் கணக்கு வரணும்னா அந்த வீட்ல துணி எப்படிப் போகுது, யார் எண்றாங்க, யார் எழுதறாங்க எல்லாத்தையும் தினம் கவனிச்சிருக்கணும். விச்சரும் அப்படியே கவனிச்சிருக்கார். இந்த ரெண்டு பேரைத் தவிர அந்த ஊர்ல வேற யாருக்கும் சலவை நோட்டு படிக்கத் தெரியலை.

---

ராத்திரிப்பூனை | சனி காலை 9.48

அக்கா... சத்தியமா இதை நான் கவனிக்கவே இல்லை. மறுபடி பார்க்கறேன். இந்தத் தடவை காபியோட.

---

நைட் டூட்டி | சனி மதியம் 1.10

வெள்ளாவி, அருமை. நான் ஸ்டாஃப் நர்ஸ், என் பங்குக்கு ஒண்ணு சொல்றேன். இதை எப்படி எழுதறதுன்னு யோசிச்சேன், பரவால்ல, பெரியவங்க இருக்கற இடம்தான்.

கொலை நடந்த அன்னைக்கே சாயங்காலம் சமையல்கட்டு அடுப்புக்குக் கீழ ஒரு பொந்துல, பேப்பர்ல சுத்தி ரத்தம் தோய்ஞ்ச பெண்கள் உள்ளாடை ஒண்ணை உள்ளூர் போலீஸ் கண்டெடுத்திருக்கு. சூப்பரின்டெண்ட் ஃபோலி அதைப் பார்த்துட்டுக் கூசிப் போறார். மாசவிலக்குத் துணியா இருக்கும்னு முடிவு. அதை வெளிய சொல்லவே இல்லை. மாஜிஸ்ட்ரேட்டுக்கும் தெரியாது, விச்சருக்கும் தெரியாது. நாலஞ்சு மாசம் கழிச்சு, நவம்பர்ல வேற ஒரு விசாரணையிலதான் விஷயம் கசிஞ்சது. அதுக்குள்ள துணி கைவிட்டுப் போச்சு.

அது நிஜமாவே மாசவிலக்குத் துணியாகவும் இருந்திருக்கலாம். ஆனா அதைக் கேட்டுத் தெரிஞ்சுக்க ஒரு ஆளு இல்லை. அந்த வீட்ல பொம்பளைங்க எத்தனை பேர்! ‘இது யாரோடது’ன்னு கேக்க ஒரு வாய் வரலை.

இன்னொண்ணு. குழியில பையனுக்கு அடியில ஒரு ஃபிளானல் துண்டு இருந்தது, பொம்பளைங்க நெஞ்சுக்கு உள்ள போட்டுக்கறது. அதை ஒரு கான்ஸ்டபிள் சம்சாரத்தைக் கூப்பிட்டு வேலைக்காரிகளுக்குப் போட்டுப் பார்க்கச் சொல்லியிருக்காங்க. ஆயா எலிசபெத் காஃபுக்குச் சரியா இருந்ததாம். உடனே ஊரெல்லாம் அவ மேல சந்தேகம். பையன் தொட்டில்ல இல்லைங்கறதை அஞ்சு மணிக்கே பார்த்துட்டு, அம்மா எடுத்துட்டுப் போயிருப்பாங்கன்னு திரும்பப் படுத்துட்டாளே, அதுவும் சேர்ந்துக்கிச்சு. அவளை ரெண்டு தடவை பிடிச்சு, ரெண்டு தடவையும் விட்டாங்க. டிக்கன்ஸே என்ன நினைச்சார் தெரியுமா? அப்பாவும் ஆயாவும் ஒண்ணா இருந்ததைப் பையன் பார்த்துட்டான், அதனால கொன்னுட்டாங்கன்னு. அவ்வளவு பெரிய எழுத்தாளர், சிநேகிதருக்குக் கடிதம் எழுதும்போது பெட்டிக்கடை பெஞ்ச்ல உட்கார்ந்து பேசற மாதிரிதான் பேசியிருக்கார்.

---

மாஜி ரைட்டர் | சனி மதியம் 2.40

நர்ஸ் அம்மா சொன்னது முழுக்க உண்மை. கிடைத்த பொருளை ரெக்கார்டில் ஏற்றாமல் மறைத்தது பெரிய குற்றம். அந்த ராத்திரி இன்னொரு கூத்தும் நடந்தது. துணியையோ வேறு எதையோ எடுக்க யாராவது வருவார்கள் என்று இரண்டு கான்ஸ்டபிள்களை வீட்டுக்குள் காவல் வைத்தார்கள். சாமுவேல் கென்ட் அவர்களைச் சமையல்கட்டில் உட்காரச் சொல்லிவிட்டு, வெளியே தாழ் போட்டுவிட்டார்! காவலுக்குப் போனவன் அறைக்குள் கைதி. ராத்திரி இரண்டு மணிக்கு மேல் கதவைத் தட்டின பிறகுதான் அவர்களுக்கே தெரிந்தது.

சிரிப்பாக இருக்கும். ஆனால் எனக்கு அந்தக் கான்ஸ்டபிள்களைத் தெரியும். பெரிய மனுஷன் வீட்டு வாசலில் பூட்ஸைக் கழற்றுவதா வேண்டாமா என்று தயங்கி நின்றிருக்கிறேன். விசாரிக்கப் போன வீட்டில் காபி வந்தால் கை நடுங்கும். அதற்கப்புறம் ‘ஐயா, அந்த ரூமைத் திறங்க’ என்று எப்படிக் கேட்பது?

---

பனிக்கூதல் | சனி மாலை 6.22

வணக்கம் எல்லாருக்கும். நான் யாழ்ப்பாணம், இப்ப இருக்கிறது இங்கிலாந்தில ‘பாத்’ எண்ட ஊர்ப் பக்கம். அந்த ஊருக்கு ஒருக்காப் போய்ப் பாத்தனான். இப்ப ஊர்ப் பேரின்ர எழுத்தும் கொஞ்சம் மாறிப்போச்சு, ‘ரோட்’ எண்டுதான் எழுதினம். வீடு அப்பிடியே நிக்குது, லாங்கம் ஹவுஸ் எண்டு பேர் மாத்திப்போட்டினம். ஆரோ குடியிருக்கினம், உள்ள போகேலாது, மதிலுக்கு வெளியால நிண்டு பாத்திட்டு வரவேண்டியதுதான். நாய் ஒண்டு குலைச்சுது. அந்த வீட்டிலயும் அண்டைக்கு இரவு ஒரு நாய் இருந்தது எண்டு வாசிச்ச ஞாபகத்தில எனக்கு உடம்பு ஒருமாதிரிப் போச்சு.

நான் சொல்ல வந்தது வேற. கான்ஸ்டன்ஸுக்குப் பன்னிரண்டு வயசா இருக்கேக்க, 1856-ல, தம்பி வில்லியமோட வீட்டை விட்டு ஓடினவள். தலைமயிரை வெட்டி, அதே கக்கூசுக்குள்ள எறிஞ்சுபோட்டு, பெடியன்ர உடுப்பைப் போட்டுக்கொண்டு ரெண்டு பேரும் பாத் வரைக்கும் நடந்தவை. பத்து மைல் வரும். கப்பல் ஏறுறது எண்டு யோசனை. இங்க ஒரு ஹோட்டலில வைச்சுப் பிடிச்சாச்சு. தம்பி அழுதிட்டான், இவள் ஒரு சொட்டும் அழேல்லையாம்.

நாலு வருசம் கழிச்சு அதே குழிக்குள்ள பிள்ளையின்ர உடம்பு. விச்சரின்ர கண் அவளில நிண்டதுக்கு நைட்டியைப் போல இதுவும் ஒரு காரணம். நான் அந்தப் பாதையில கார் ஓடுற ஒவ்வொரு முறையும் அந்த ரெண்டு பிள்ளையளும் நடந்து வாறதுதான் கண்ணுக்குள்ள நிக்கும். கொலைகாரி எண்டு சொல்ல வாய் வருகுதில்ல.

---

கடைசிபெஞ்ச் | சனி இரவு 8.00

பனிக்கூதல் அண்ணே, நீங்க நேர்ல போய்ப் பார்த்ததுக்கே ஒரு கும்பிடு.

நீங்க வில்லியம் பேச்சை எடுத்ததால கேக்கறேன். அவ தனியாத்தான் பண்ணினாளா? நாடகம் முடிஞ்சதும் எனக்கும் என் தங்கச்சிக்கும் ஒரே சண்டை.

---

நைட் டூட்டி | சனி இரவு 9.15

தனியா இல்லைங்கறதுதான் என் கட்சி. நாலு வயசு ஆகப்போற பையன் நல்ல கனம் இருப்பான். தூங்கற குழந்தையைத் தொட்டில்ல இருந்து தூக்கி, கூடவே போர்வையையும் உருவி, மேல் விரிப்பைப் பழையபடி நீவி விட்டுட்டு, அதே ரூம்ல படுத்திருக்கற ஆயா முழிச்சுக்காம வெளிய வரணும். ஜன்னலைத் தூக்கணும். குழந்தையோட இருட்டுல தோட்டத்துக்குப் போகணும். வார்டுல தூங்கற குழந்தையைக் கட்டில் மாத்தறதுக்கே நாங்க ரெண்டு பேர் போவோம்.

---

மாஜி ரைட்டர் | சனி இரவு 9.50

வாக்குமூலத்திலேயே ஓட்டை இருக்கிறது. அப்பாவின் சவரக்கத்தியால் செய்தேன் என்று சொன்னாள். ஆனால் பையனின் நெஞ்சில் ஒரு குத்துக்காயம். உடம்பைப் பார்த்த டாக்டர் பார்சன்ஸ், அது முனை உள்ள கத்தியால் குத்தியது என்றார். சவரக்கத்திக்கு முனை ஏது? எவ்வளவு அழகாக எழுதிக் கொடுத்தாலும் வாக்குமூலம் காயத்தோடு பொருந்த வேண்டும். 1865 ஜூலையில் சாலிஸ்பரி கோர்ட்டில் ‘குற்றவாளிதான்’ என்று அவளே சொல்லிவிட்டதால் சாட்சி விசாரணையே நடக்கவில்லை. தூக்கு என்று தீர்ப்பு. பிறகு ஆயுள் தண்டனையாகக் குறைத்தார்கள். குறுக்கு விசாரணை நடந்திருந்தால் வில்லியம் பேர் வந்திருக்கும்.

விச்சருக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. சம்மர்ஸ்கேல் நூலும் சுற்றி வந்து அங்கேதான் நிற்கிறது: தம்பியைக் காப்பாற்றத்தான் அக்கா எல்லாவற்றையும் தன் தலையில் போட்டுக்கொண்டாளோ என்று.

---

கடைசிபெஞ்ச் | சனி இரவு 10.05

அந்தத் தம்பி பிற்காலத்துல பெரிய கடல் உயிரின ஆராய்ச்சியாளர். ஆஸ்திரேலியா போய் மீன்வளத்துறையில இருந்தார். கிரேட் பேரியர் ரீஃப் பத்தி 1893-ல படங்களோட ஒரு பெரிய புத்தகமே போட்டார். அக்கா 20 வருஷம் ஜெயில்ல இருந்துட்டு 1885-ல வெளிய வந்து, அடுத்த வருஷமே அவளும் ஆஸ்திரேலியா போய்ட்டா. ரூத் எமிலி கேன்னு பேரை மாத்திக்கிட்டு மெல்பர்ன் ஆல்ஃபிரட் ஆஸ்பத்திரியில நர்ஸ் டிரெய்னிங் எடுத்து...

---

நைட் டூட்டி | சனி இரவு 10.11

ஐயோ, என் தொழிலையா! நான் சொல்லிக்கறேன், விடுங்க. மெயிட்லண்ட்ங்கற ஊர்ல நர்சுகள் இல்லம் ஒண்ணை வருஷக்கணக்கா நடத்தியிருக்காங்க. 1944-ல இறக்கும்போது வயசு 100. கூட வேலை பார்த்தவங்களுக்குப் பழைய கதை எதுவும் தெரியாது. நான் எத்தனையோ மேட்ரன்களைப் பார்த்திருக்கேன், வார்டுல போர்வை மடிப்பு கொஞ்சம் கலைஞ்சிருந்தாலும் கத்துவாங்க. இதைப் படிச்ச ராத்திரி டூட்டி ரூம்ல எனக்குத் தூக்கம் வரலை.

---

ராத்திரிப்பூனை | ஞாயிறு காலை 11.20

மறுபடி பார்த்தேன். ஒத்துக்கறேன், கஞ்சி நல்லாத்தான் இருக்கு. ஒரு டவுட்டு: ‘துப்பு’ங்கற வார்த்தைக்கும் துப்பாக்கிக்கும் சம்பந்தம் உண்டா? குறள்ல வர்ற துப்பு வேற, ‘துப்புக்கெட்டவன்’ல வர்றது வேற, இது எங்கிருந்து வந்துச்சு?

---

நெறியாளர் | ஞாயிறு காலை 11.45

சொல் ஆராய்ச்சிக்குத் தனி இழை இருக்கிறது, அங்கே போகவும். போவதற்கு முன் ஒன்று: இங்கிலீஷில் ‘க்ளூ’ என்பது முதலில் நூலுண்டையைக் குறித்த சொல். கிரேக்கக் கதையில் சிக்கலான குகைவழிக்குள் போனவன் நூலைப் பிடித்துக்கொண்டே வெளியே வருவான் இல்லையா, அந்த நூல். நாமும் ‘நூல் பிடிச்சுப் போனான்’ என்றுதானே சொல்கிறோம். போதும், இழைக்குத் திரும்புங்கள்.

---

பனிக்கூதல் | ஞாயிறு மதியம் 3.30

அடுத்த படங்களையும் ஆரும் பாத்தனீங்களோ? 2013-ல ‘மர்டர் இன் ஏஞ்சல் லேன்’, 2014-ல ரெண்டு. முதல் படத்துக்குப் பிறகு வந்ததெல்லாம் கற்பனைக் கதை. விச்சர் வேலையை விட்டிட்டுத் தனியார் துப்பறிவாளரா அலையிறார். ஏஞ்சல் லேன்ல ஒலிவியா கோல்மன் தன்ர சொந்தக்காரப் பிள்ளையின்ர சாவுக்கு நியாயம் தேடி வாற பொம்பிளையா நடிச்சிருக்கிறா, அவவுக்காகவே பாக்கலாம். ‘பியாண்ட் த பேல்’ல இந்தியாவில இருந்து திரும்பி வந்த பெரிய இடத்துப் பெடியன் ஒருத்தன்ர கதை. எனக்கெண்டால் முதல் படத்தின்ர கனம் மற்றதுகளில இல்ல.

---

கடைசிபெஞ்ச் | ஞாயிறு மாலை 4.10

அதே. கற்பனைன்னதும் முடிச்சு அவிழ்ந்துடுது, அவிழ்ந்ததும் நமக்கு மறந்துடுது. நிஜ விச்சருக்குப் பின்னாடி நடந்ததையே எடுத்திருக்கலாம். டிச்போர்ன் கேஸ்! கடல்ல மூழ்கிச் செத்ததா நினைச்ச பெரிய வீட்டு வாரிசு நான்தான்னு ஆஸ்திரேலியாவுல இருந்து ஒரு கசாப்புக்கடைக்காரன் வந்து நிக்கறான். குடும்பத்துக்காரங்க விச்சரை அமர்த்தறாங்க. அந்த ஆளு லண்டன்ல இறங்கினதும் நேரா வாப்பிங் பக்கம் போய் ஆர்ட்டன்னு ஒரு குடும்பத்தை விசாரிச்சிருக்கான்னு விச்சர் கண்டுபிடிக்கறார். வாரிசுக்கு அங்க என்ன வேலை? அந்தக் குடும்பத்துப் பிள்ளைன்னாத்தானே அங்க போவான்! இந்தத் தடவை விச்சர் சொன்னது கோர்ட்ல நின்னுச்சு, 1874-ல அவனுக்கு 14 வருஷம் ஜெயில்.

இன்னொரு விஷயம். ரோடு ஹில் கேஸோட நைட்டி 1868-ல ஒரு நாவலுக்குள்ள போயிடுச்சு. வில்கி காலின்ஸோட ‘மூன்ஸ்டோன்’. அதுல ரத்தத்துக்குப் பதிலா பெயின்ட் கறை, விச்சருக்குப் பதிலா சார்ஜென்ட் கஃப். திருடு போற வைரம் எங்கிருந்து போனது? 1799-ல ஸ்ரீரங்கப்பட்டினம் விழுந்தப்ப வெள்ளைக்கார ஆபீசர் ஒருத்தன் கொள்ளையடிச்சது. ஒரு கிராமத்துச் சலவைக் கூடையில ஆரம்பிச்சுத் திப்பு கோட்டை வரைக்கும் போயிட்டாங்க!

வெள்ளாவி, ஆளையே காணோம்? அந்தச் சலவைக்காரம்மா என்ன ஆனாங்க, அதைப் பத்தி ஒரு வரி எழுதுங்களேன்.

---

மாஜி ரைட்டர் | ஞாயிறு மாலை 5.00

‘மூன்ஸ்டோன்’ படித்ததில்லை, தேடிப் பார்க்கிறேன். நேற்று விச்சர் கைது செய்தது தவறு என்று எழுதினேன். ராத்திரி முழுக்க அது உறுத்திக்கொண்டே இருந்தது. அவர் கைது செய்யாமல் லண்டனுக்குத் திரும்பியிருந்தால்? ஆயா காஃபைத்தான் தொங்கவிட்டிருப்பார்கள். வேலைக்காரி, கேட்க ஆள் இல்லை. அந்த ஆயாவுக்கு மேல் விழ இருந்ததில் பாதியை விச்சர் தன் தலையில் வாங்கிக்கொண்டார் என்றும் பார்க்கலாம். என் ரிமாண்ட் ரிப்போர்ட் அபிப்பிராயம் மட்டும் அப்படியே இருக்கிறது.

---

வெள்ளாவி | ஞாயிறு இரவு 9.40

மன்னிக்கணும், ஊர்ல இருந்தேன். அப்பாவைப் பார்க்கப் போயிருந்தேன்.

அவங்க பேரு ஹெஸ்டர் ஹோலி. மகளுங்களோட சேர்ந்து அந்த வீட்டுத் துணி வெளுக்கறவங்க. கூடையைப் பிரிச்சு எண்ணிப் பார்த்ததும் நைட்டி ஒண்ணு குறையுதுன்னு வீட்டுக்குச் சொல்லி அனுப்பியிருக்காங்க. வீட்ல, ‘நாங்க போட்டோம், நோட்டுல இருக்கு’ன்னுட்டாங்க. அப்புறம் என்ன, போலீஸ்காரங்க ஹோலி வீட்டுக்கு வந்து நிக்கறாங்க. குழந்தையைக் கொன்ன வீடு ஒண்ணு, சோதனை இன்னொரு வீட்ல.

இது எங்களுக்குப் பழக்கமான கதைதான். அப்பா காலத்துல வீட்டுக்கு வீடு சலவைக் குறி வேற வேற. சேராங்கொட்டைப் பால்ல காலர் உள்பக்கம் புள்ளியும் கோடுமாப் போட்டு வெச்சிருப்பார், எத்தனை தடவை வெளுத்தாலும் போகாது. கையில பட்டா வெந்துடும், அவர் விரல் நுனியில இன்னும் தழும்பு இருக்கு. அந்தக் குறியைப் பார்த்தா எந்த வீடு, எந்தத் துணின்னு ராத்திரியில எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அப்படியும் வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது பட்டுப்புடவை காணோம், வேட்டி காணோம்னு யாராவது கடை வாசல்ல வந்து சத்தம் போடுவாங்க. பாதி நேரம் அது அவங்க பீரோ அடியிலயே கிடக்கும். அதை வந்து சொல்ல மாட்டாங்க.

1865-ல அவ ஒத்துக்கிட்டதுக்கு அப்புறம் பக்னில்ங்கற டாக்டர் அவளைப் பார்த்துப் பேசிட்டுப் பத்திரிகைக்கு எழுதினார் இல்லையா. அதுல நைட்டி விஷயம் விச்சர் சொன்ன மாதிரியே இருக்கு. தண்ணி கேட்டது, கூடையில இருந்து எடுத்தது எல்லாம். ஹோலி அம்மா அஞ்சு வருஷம் ‘துணி தொலைச்சவ’ங்கற பேரோட அந்த ஊர்ல வெளுத்துக்கிட்டு இருந்திருக்காங்க.

நேத்து அப்பாகிட்ட முழுக்கதையையும் சொன்னேன். பேர் எதுவும் சொல்லலை, வெள்ளைக்காரன் கேஸ்னும் சொல்லலை. ‘ஒரு வீட்ல நோட்டுல எழுதினாங்க, கூடையில போட்டாங்க, வெளுக்கறவங்க எண்ணும்போது ஒண்ணு குறையுது’ன்னு மட்டும் ஆரம்பிச்சேன். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வெச்சுட்டு என்னைப் பார்த்தார்.

“எழுதினதுக்கும் எடுத்துட்டுப் போனதுக்கும் நடுவுல கூடைகிட்ட யாரும்மா இருந்தது?”ன்னார்.